தராசின் முள்ளும் சென்கிளேயர் அருவியும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பாதையின் ஓரத்தில் இரண்டு நீர்வீழ்ச்சிகளைக் காண்பார்கள். முதலில் வருவது டெவோன். அடுத்தது சென்கிளேயர். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அகலமாக விரிந்து விழுவதால் சென்கிளேயரை இலங்கையின் 'சின்ன நயாகரா' என்று பயணிகள் அழைத்தார்கள். கொழும்பில் ஓர் அரசாங்கம் நிலைக்குமா என்ற கணக்கோடு இந்த அருவியின் கதியும் ஒரு காலத்தில் பின்னிக் கிடந்தது. காலநிலை என்ற சொல் அரசியல் மேடைகளில் இன்றுபோல் ஒலிக்காத நாட்கள் அவை. ஆயினும் மின்சாரம் எதிலிருந்து வரவேண்டும், அதற்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி அன்றும் இதே கேள்விதான். அந்த வரலாற்றைச் சிறுபான்மைச் சமூகங்கள் இரண்டும், மலையகத் தமிழரும் முஸ்லிம்களும், சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலையகத்து நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் யோசனை பழையது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி ஆய்வுரை எழுதினார். லக்ஷபான மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சி வந்து நீர் வற்றும்போதெல்லாம் அந்நகரத்து வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரிகின்றன. ஜனங்கள் கூடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த அணைகள் எழுந்தபோது ஏன் பெரிய விவாதம் எழவில்லை? விடை எளிது. அங்கு வாழ்ந்த பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிவிட்டன. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றார்கள். 1952இல் ஒருவரும் செல்லவில்லை. அணைக்கட்டு வேலை நடந்த அதே தசாப்தத்தில்தான், 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மக்கள் பங்கிடப்பட்டார்கள். எந்த நாட்டுக்காரர் என்பதே முடிவாகாத மக்களிடம், உங்கள் ஆற்றை அடைக்கலாமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நிலைமை மெல்ல மாறியது. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் வெற்றிபெற்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வாக்கால் அவருக்குக் கிடைத்த ஆசனம் அது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 1988இல் நிறைவேறியது. அதே 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் ஆர். பிரேமதாசவுடன் பேசி ஒரு காரியத்தைச் சாதித்தார். விகிதாசாரத் தேர்தலில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்காக, அதாவது 12.5 வீதமாக, இருந்தது. அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. இந்த இரண்டு சம்பவங்களையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் பேரத்தின் பலன் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

அடுத்து வந்தது தராசின் முள் சிறுபான்மைக் கட்சிகளின் கைக்கு வந்த காலம். 1994 பொதுத் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களைப் பெற்றது. பெரும்பான்மைக்கு 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்கள் சேர்ந்ததும் 112 ஆயிற்று. குறைந்திருந்த ஒன்றை நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவில் வென்ற பெ. சந்திரசேகரன் நிரப்பினார். கிழக்குக் கரையின் ஏழும் மலையுச்சியின் ஒன்றும் சேர்ந்து ஓர் அரசாங்கத்தை நிறுத்தின.

இத்தகைய அரசாங்கங்கள் நடந்த காலத்தில்தான் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் மேசைக்கு வந்தது. ஜப்பானின் உதவியோடு 1980களில் அதன் சாத்தியக்கூற்று ஆய்வு நடந்திருந்தது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து 35.5 மீற்றர் உயர அணை, மலையைக் குடைந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம், அதன் முடிவில் நிலத்தடி மின் நிலையம், 150 மெகாவாற்று மின்சாரம். திட்டம் இதுதான். ஆரம்ப வடிவத்தில் கிளையாறுகளின் நீரையும் சுரங்கத்துக்குத் திருப்புவதாக இருந்தது. அப்படியானால் சென்கிளேயர் மட்டுமன்றி இன்னும் பல நீர்வீழ்ச்சிகளும் வற்றும் என்று சூழலியலாளர் எச்சரித்தார்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1990களில் முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டின் பின் 1998இல் அனுமதி கிடைத்தது. ஜப்பானுடனான கடன் ஒப்பந்தம் 2002இல் கைச்சாத்தானது.

எதிர்ப்பு மலையகத்திலிருந்து வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் திட்டத்தைக் கைவிடும்படி கோரியது. மலையக மக்கள் முன்னணியும் எதிர்த்தது. அருவிகள் வற்றும், மண் சரியும், தலவாக்கலை நகரத்தின் ஒரு பகுதியும் லயன்களும் போகும், எங்கள் நீரில் பிறக்கும் மின்சாரம் எங்கள் காம்பராக்களுக்கு என்ன தந்தது என்பன அவர்கள் முன்வைத்த நியாயங்கள். மறுபக்கத்திலும் நியாயம் இருந்தது. 1996இலும் 2001, 2002இலும் மழை பொய்த்து நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. அவ்வனுபவத்தின் பின் தனியார் டீசல் மின் நிலையங்கள் பெருகின. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி கரைந்தது. மேல் கொத்மலை ஆண்டுக்குத் தரும் என்று மதிப்பிடப்பட்டது 409 கிகாவாற்று மணி, அதாவது ஏறத்தாழ 41 கோடி அலகு. அது நீரிலிருந்து வராவிட்டால் எண்ணெயிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வந்தாக வேண்டும்.

2004 ஏப்ரல் 2ஆம் திகதித் தேர்தல் இந்த விவாதத்தை நேரே ஆட்சிக் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு மீண்டும் அதே 105 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலுக்கு 82, அதற்குள் இ.தொ.கா. உறுப்பினர்கள் எட்டுப் பேர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 22, ஜாதிக ஹெல உறுமய 9, முஸ்லிம் காங்கிரஸ் 5, மலையக மக்கள் முன்னணி 1, ஈ.பி.டி.பி. 1. சபாநாயகர் தெரிவிலேயே அரசாங்கத்தின் பலவீனம் வெளிப்பட்டது. எதிர்க்கட்சியின் வேட்பாளர் டபிள்யூ. ஜே. எம். லொக்குபண்டார 110க்கு 109 என்று ஒரே வாக்கால் வென்றார். 105உடன் எட்டைக் கூட்டினால் 113. அந்த எட்டின் பெறுமதியை எல்லோரும் அறிந்திருந்தார்கள். 2004 செப்டெம்பரில் இ.தொ.கா. அரசாங்கப் பக்கம் வந்தது. முஸ்லிம் காங்கிரஸிலிருந்தும் சிலர் தனித்தனியே போய்ச் சேர்ந்தார்கள். 2005 ஜூனில், சுனாமி நிவாரணப் பொதுக் கட்டமைப்பை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி தன் 39 உறுப்பினர்களுடன் வெளியேறியபோது, எஞ்சியிருந்த எட்டின் எடை இன்னும் கூடியது.

இவ்வளவு எடையோடு இருந்தவர்கள் திட்டத்தை நிறுத்தினார்களா? இல்லை. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மலையகத்தின் பெரிய கட்சிகள் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தன. வென்றவர் மகிந்த ராஜபக்ஷ. அவரது பாராளுமன்றப் பலமும் பெரும்பான்மைக்குக் குறைவுதான். 2006இல் இ.தொ.கா. அவரது அரசாங்கத்தில் அமைச்சுப் பொறுப்புகளை ஏற்றது. அணை வேலையும் அந்த ஆண்டுகளிலேயே முன்னேறியது. 2012இல் மேல் கொத்மலை மின்சாரம் தரத் தொடங்கியது. சுமார் ஐந்நூறு குடும்பங்கள் இடம் மாறின.

ஆனால் எதிர்ப்பு முற்றிலும் வீண் என்று சொல்வதும் வரலாற்றுக்கு நியாயமாகாது. தாமதம் சில நன்மைகளைத் தந்தது. கிளையாறுகளைத் திருப்பும் பகுதிகள் கைவிடப்பட்டன, டெவோன் தப்பியது. சென்கிளேயருக்கும் பகற்பொழுதில் குறித்த அளவு நீரை விட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆகவே அந்த அருவி இன்று நேரம் பார்த்து ஓடுகிறது. அலுவலகம்போலக் காலையில் திறந்து மாலையில் மூடும் அருவி உலகில் வேறெங்கும் உண்டா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

இங்குதான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. மேல் கொத்மலைப் பேரத்தில் நிலைத்து நிற்பவை எவை என்று பார்த்தால், எழுத்தில் நிபந்தனையாக ஏறியவை மட்டுமே. கைவிடப்பட்ட கிளையாறுகள் நிலைத்தன. பகல் நீர் நிலைத்தது. மேடையில் கேட்ட 'எங்கள் நீருக்கு எங்கள் பங்கு என்ன' என்ற கேள்வி எந்தச் சட்டத்திலும் ஏறவில்லை. நீர்மின் வருமானத்தில் தோட்ட மக்களுக்கு ஒரு வீதம், சரிவுகளிலுள்ள லயன்களுக்குப் பதில் காணியுறுதியோடு வீடு என்று அந்த எட்டு ஆசனங்கள் எழுதி வாங்கியிருந்தால், 1988இன் குடியுரிமைச் சட்டம்போல, 5 வீத வெட்டுப்புள்ளிபோல, அது இன்றும் இருந்திருக்கும். அமைச்சுப் பதவி ஆட்சியோடு போகும். சட்டத்தில் ஏறியதை நீக்குவது அவ்வளவு எளிதல்ல.

இந்தக் கதைக்கு ஓர் இணைக் கதை புத்தளத்தில் உண்டு. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் பல ஆண்டுகள் உள்ளூர் எதிர்ப்பால் தடைப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றது. அதன் வேலையும் 2006இலேயே தொடங்கியது. 2011இல் முதற் பகுதி இயங்கியது. இன்று அதன் கொள்ளளவு 900 மெகாவாற்று. கற்பிட்டித் தீபகற்பத்தின் மீனவர்களும் தோட்டச் செய்கைக்காரரும் சாம்பலையும் புகையையும் பற்றி முறையிடுகிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. மலையில் அணையை எதிர்த்தவர்களும் கடற்கரையில் நிலக்கரியை எதிர்த்தவர்களும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால், எது குறைந்த தீங்கு, அதன் சுமையை எப்படிப் பங்கிடுவது என்று ஒரு பொதுக் கோரிக்கை பிறந்திருக்கலாம். ஒவ்வொரு தரப்பும் தனித்தனியே கொழும்புக்குப் போனது. கொழும்பு இரண்டையும் கட்டியது.

சிறுபான்மை அரசாங்கம் என்றாலே தள்ளாட்டம், பெரும்பான்மை வந்தால் நாடு முன்னேறும் என்று சொல்பவர்களுக்கு 2021 ஒரு பாடம். 2020 தேர்தலில் பொதுஜன பெரமுன தனித்தே 145 ஆசனங்களைப் பெற்றது. கூட்டாளிகளோடு மூன்றில் இரண்டு. யாருடைய எட்டும் தேவைப்படவில்லை. பத்து ஆண்டுகளில் சேதன விவசாயம் என்று தேர்தலில் சொன்னதை, 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியால் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இரசாயன உர இறக்குமதி நின்றது. சுற்றாடலின் பெயரால் செய்யப்பட்ட அக்காரியத்தை நவம்பரில் கைவிட்டார்கள். ஆனால் தேயிலைச் செடிக்கு அரசியல் தெரியாது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. கொழுந்து குறைந்தால் பேர் விழாது; பேர் விழாவிட்டால் அரைநாள் சம்பளம். நல்ல நோக்கமுள்ள கொள்கைகூட, கேட்காமல் விதிக்கப்பட்டால் முதலில் அடிவிழுவது கூடை சுமக்கும் முதுகில்தான். மேல் கொத்மலைக்கு ஏற்பட்ட இழுபறியில் ஓரளவாவது கேள்வி கேட்கப்பட்டது. உரத்தடையில் அதுவும் இல்லை.

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானபோது அவரது தேசிய மக்கள் சக்திக்குப் பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள். மூவர் அமைச்சரவையோடு சில வாரங்கள் ஆட்சி நடந்தது. நவம்பர் தேர்தலில் அதே கட்சி 159 ஆசனங்களைப் பெற்றது. தராசின் முள் இப்போது எந்தச் சிறுபான்மைக் கட்சியின் கையிலும் இல்லை. என்றாவது ஒருநாள் அது திரும்பி வரும். இலங்கை அரசியல் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அதுவரை மழை காத்திருக்காது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் சரிவுகளை இறக்கியது. காணி இல்லாதவன் எங்கே போய் வீடு கட்டுவான் என்ற கேள்வி, மண்சரிவு எச்சரிக்கை வரும் ஒவ்வொரு மாலையும் தோட்டங்களில் எழுகிறது.

முள் மீண்டும் நம் பக்கம் சாயும் நாளில் தட்டில் எதை வைப்பது என்பதை இப்போதே தீர்மானித்து எழுதி வைப்பது நல்லது. சரிவிலிருந்து பாதுகாப்பான காணி, நீருக்கும் காற்றுக்கும் விலை கொடுக்கும் ஊருக்கு அதன் வருமானத்தில் பங்கு, எந்தத் திட்டத்துக்கும் முன் அங்கு வாழ்வோரிடம் அவர்கள் மொழியில் விசாரணை. மூன்றும் மலைக்கும் பொருந்தும், கற்பிட்டிக்கும் பொருந்தும். அதை இரு சமூகங்களின் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வரைந்தால், அரசியல்வாதிகள் வந்து கேட்கும்போது கொடுக்க நம் கையில் ஒரு தாளாவது இருக்கும்.