ஆச்சியின் கம்மல்

போன மாதம் அம்மா திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, கப்பலில் ஆடி ஆடி எங்கள் கேம்பல் பேக்கு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மகள் அவர் காதைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: "ஆச்சி, இந்தத் தங்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"கோலார்ல பூமியத் தோண்டி எடுத்தாங்கம்மா."

"பூமிக்குள்ள எப்படி வந்துச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தப்பிக்க இல்லை, பதில் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் உண்டு. 1910-இல் லாகூரில் பிறந்து, சென்னையில் படித்து, 1930-இல் கப்பலேறிய சந்திரசேகர். 1942-இல் அமெரிக்காவில் லூயி ஹென்ரிச்சுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தனிமங்கள் எல்லாம் ஒரே சூட்டில், ஒரே அடர்த்தியில் உருவாகியிருக்க முடியுமா என்பது கேள்வி. சுமார் 800 கோடி டிகிரி வைத்தால் ஆக்சிஜன் முதல் கந்தகம் வரை ஓரளவு ஒத்துவந்தது. கனமான தனிமங்களோ இருக்கவேண்டியதைவிட மிக மிகக் குறைவாகவே வந்தன. அதை ஒளிக்காமல் எழுதினார்கள்.

"அரிசியையும் பருப்பையும் ஒரே உலைல போட்டா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. இதுக்கா கணக்கு?" என்றார் அம்மா.

விடையும் அதுதான்: உலைகள் பல. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஆட்களும் பலர் தேவைப்பட்டார்கள். நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் சமைகின்றன என்று 1946-இல் எழுதியவர் ஃபிரெட் ஹாயில். 1952-இல் பால் மெரில் சில சிவப்பு நட்சத்திரங்களில் டெக்னீசியத்தைக் கண்டார். சில லட்சம் வருடங்களில் சிதைந்துபோகும் சரக்கு அது. அங்கே இருக்கிறதென்றால் அண்மையில்தான் உருவாகியிருக்க வேண்டும். 1953-இல் ஹாயில் கலிஃபோர்னியா போய், கார்பன் அணுக்கருவுக்கு இப்படி ஒரு ஆற்றல் நிலை இருந்தே தீரவேண்டும் என்றார். வில்லியம் ஃபௌலர் முதலில் நம்பவில்லை. சோதனை செய்தார்கள், இருந்தது!

மார்கரெட் பர்பிட்ஜ் வானத்தை அளந்தவர். பெண் என்பதால் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் அவருக்கு நேரம் தரவில்லை. கணவர் ஜெஃப்ரியின் பெயரில் நேரம் வாங்கி, அவருக்கு உதவியாளர் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனார். இந்த நான்கு பேரும் 1957-இல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். அதே வருடம் கனடாவில் அலஸ்டர் கேமரான் தனியாக இதே முடிவுகளுக்கு வந்திருந்தார்.

1983-இல் இயற்பியல் நோபல் பரிசு சந்திரசேகருக்கும் ஃபௌலருக்கும் போனது. ஹாயிலுக்கு இல்லை. மார்கரெட்டுக்கும் இல்லை. ஃபௌலர் பெரிய மனதுக்காரர். பரிசை ஒட்டி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், 1946-லேயே இதை நிறுவியவர் ஹாயில் என்று பதிவு செய்தார்.

சரி, தங்கம்? 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதை உலகமே சேர்ந்து பார்த்தது. சுமார் 70 ஆய்வகங்கள் அதைத் துரத்தின. பின்னர் புனே அருகே உள்ள நம் ரேடியோ தொலைநோக்கியும் அதைக் கவனித்தது. அப்படிப்பட்ட மோதலில் தங்கம் போன்ற கனமான தனிமங்கள் உருவாகின்றன.

இன்னொரு உலையும் உண்டு. சுனாமி எங்கள் தீவைப் புரட்டிப்போட்டு முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. இந்திய நேரப்படி 2004 டிசம்பர் 28 அதிகாலை, கடும் காந்தப்புலம் கொண்ட ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தின் வெடிப்பு ஒளி பூமிக்கு வந்தது. இங்கே காணாமல்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம், வானத்தை யார் பார்த்தார்கள்? செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. அதிலிருந்த ஒரு புரியாத சமிக்ஞைக்கு 2025-இல்தான் விளக்கம் வந்தது: அந்த வெடிப்பிலும் கனமான தனிமங்கள் உருவாகியிருக்கின்றன.

மறுநாள் மகள் நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். "அப்பா, கண்டுபிடிச்சவர் பேர் ஒண்ணு சொல்லுங்க, எழுதணும்."

ஒரு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பக்கத்தைத் திருப்பு, கோடு பத்தாது" என்றேன். முதல் வரியில், தோற்ற கணக்கையும் மறைக்காமல் எழுதிய சந்திரசேகர், ஹென்ரிச் பெயர்களைப் போடச் சொன்னேன்.