பேட்டரியைக் கழட்டினா பூட்டு திறக்குமா? ஒரு பயாஸ் கொசுவத்தி

போன மாசம் நண்பர் ஒருத்தர் பரண்ல இருந்து எடுத்த 10 இஞ்ச் நெட்புக்கைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தார். 2009 வாக்குல அவர் மச்சானுக்கு ஆபீஸ்ல குடுத்தது. ஆபீஸை மூடினப்போ "நீயே வச்சுக்கப்பா"ன்னு விட்டுட்டாங்களாம். உள்ள இன்னும் எக்ஸ்பி. அதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே கைகழுவியாச்சு. லினக்ஸ் போட்டுப் பொண்ணுக்குத் தமிழ்த் தட்டச்சு பழகக் குடுக்கலாம்னு இவருக்கு ஆசை.

யுஎஸ்பியைச் செருகினா கண்டுக்கவே மாட்டேங்குது, நேரா எக்ஸ்பிக்குப் போயிடுது. எஃப்2 அழுத்தி பயாஸுக்குள்ள போனா எல்லாம் தெரியுது, ஆனா எதையும் மாத்த முடியலை. பூட் வரிசை சாம்பல் நிறத்துல செத்துக் கிடக்கு. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருக்காங்க. மச்சானுக்கு அது தெரியாது, போட்ட சிஸ்டம் அட்மின் எங்க இருக்காரோ!

என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரியைக் கழட்டி ராத்திரி முழுக்க வெளிய வச்சிருந்திருக்கார். கடிகாரம் மட்டும் போச்சு, பூட்டு அப்படியே இருக்கு. "அண்ணே, பேட்டரியைக் கழட்டினா போயிடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"ன்னார்.

எல்லாரும் சொல்றது ஒரு காலத்துல உண்மைதான். எந்தக் காலத்துலன்னு பார்க்கக் கொசுவத்தி சுத்தணும்.

1981ல வந்த ஐபிஎம் பிசியில பயாஸ் செட்டிங்னு ஒரு திரையே கிடையாது. மெமரி எவ்வளவு, ஃப்ளாப்பி எத்தனைன்னு மதர்போர்டுல இருந்த குட்டிக் குட்டி சுவிட்சைத் தள்ளித்தான் சொல்லணும். பூட்டும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. பயாஸோட மொத்த நிரலையும் டெக்னிக்கல் மேனுவல்ல ஐபிஎம்மே அச்சடிச்சு வித்துச்சு! (அதைக் காப்பியடிக்காம, அதே வேலையைச் செய்யற பயாஸை வேற ஆளுங்க எழுதித்தான் 'கம்பேட்டிபிள்' கம்ப்யூட்டர்கள் பிறந்துச்சு. அது தனிப் பதிவுக்கான கதை.)

1984ல வந்த ஏடி மாடல்லதான் மோட்டோரோலா எம்சி146818ங்கற கடிகாரச் சிப்பு வந்தது. அதுல மொத்தமே 64 பைட். கடிகாரத்துக்கும் அதோட கட்டுப்பாட்டுக்கும் 14 போக, மிச்சம் 50 பைட்ல மெஷினோட செட்டிங். கரண்ட் இல்லாதப்போ மறக்காம இருக்க ஒரு பேட்டரி. நாம சிமாஸ்னு சொல்றது இதைத்தான். அப்பவும் பூட்டுன்னா நிஜப் பூட்டுதான். பெட்டியோட முன்பக்கம் பீரோ மாதிரி ஒரு சாவித் துவாரம் இருக்கும். திருப்பினா பெட்டியைத் திறக்க முடியாது, கீபோர்டும் வேலை செய்யாது.

அப்புறம்தான் சாவிக்குப் பதிலா பாஸ்வேர்டு வந்தது. அதையும் அந்தப் பேட்டரி காப்பாத்துற சிமாஸ்லயே வச்சாங்க. பேட்டரியைக் கழட்டினாலோ, பக்கத்துல இருக்கற ஜம்பரை மாத்தினாலோ எல்லாம் மறந்துடும். அதுவும் வேண்டாம்னா கம்பெனிக்காரங்களே வச்ச பொது சாவி இருந்துச்சு. அவார்டு பயாஸுக்கு 'அவார்டு_எஸ்டபிள்யூ', ஏஎம்ஐ பயாஸுக்கு வெறும் 'ஏஎம்ஐ'. பூட்டுக்காரன் பேரே சாவி :-) மேசைக் கம்ப்யூட்டருக்கு அது போதும். அது பூட்டின ரூம்ல இருக்கும், பையில போட்டுட்டு ஓட முடியாது.

லேப்டாப்பைத் தூக்கிட்டு ஓடலாமே! அதனால பூட்டை இடம் மாத்தினாங்க. 1990களோட கடைசியில வந்த திங்க்பேடுகள்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒரு தனி ஈஈப்ராம் சிப்புல உக்கார்ந்துச்சு. 24ஆர்எஃப்08னு பேரு, 1 கிலோபைட் கொள்ளளவு. கரண்டே இல்லாம வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும். பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மறந்துட்டா மதர்போர்டையே மாத்தணும்னு மேனுவல்லயே போட்டிருக்கும். நண்பரோட நெட்புக்கும் இந்த வம்சம்தான். ராத்திரி முழுக்க பட்டன் பேட்டரி வெளிய கிடந்ததுல சிமாஸ் மறந்துச்சு, பக்கத்து வீட்டுச் சிப்பு தூங்கக்கூட இல்லை. (விஷயம் தெரிஞ்சவங்க அந்தச் சிப்புலயே ஒயர் வச்சுப் படிச்சாங்க. சால்டரிங்ல கை நடுங்கற எனக்கு அது ஆகாது.)

நிறைய லேப்டாப்புல இன்னொரு வழியும் இருந்துச்சு. பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா போட்டா 'சிஸ்டம் டிஸேபிள்டு'ன்னு சொல்லி ஒரு எண்ணைக் காட்டும். பில்லைக் காட்டி சர்வீஸ் சென்டர்ல அந்த எண்ணைச் சொன்னா, திறக்கற பாஸ்வேர்டைச் சொல்லுவாங்க. ஃபீனிக்ஸ் பயாஸ் பலதுல இந்த எண் 5 இலக்கம்தான். உள்ள இருந்தது 16 பிட் கணக்கு, மொத்தமே 65,536 சாத்தியங்கள். நிஜ பாஸ்வேர்டு எதுக்கு, அதே எண்ணைத் தர்ற எதுவா இருந்தாலும் கதவு திறக்கும். இதைக் கண்டுபிடிச்சவங்க வெளிய சொல்லிட்டாங்க.

இதுக்கு அடுத்த கட்டம்தான் என்னைக் கலக்குச்சு. 2010ல அர்ஜென்டினா அரசாங்கம் 'கொனெக்டார் இகுவால்தாத்'னு ஒரு திட்டத்துல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நெட்புக் குடுத்துச்சு. பல லட்சம் பெட்டி. திருட்டுப் போகாம இருக்க இன்டெலோட 'தெஃப்ட் டிட்டரன்ட்' பூட்டு. அந்த நெட்புக் அப்பப்போ பள்ளி சர்வரைப் பார்த்து அனுமதியைப் புதுப்பிச்சுக்கணும். கெடு தாண்டினா பூட் ஆகாம நின்னு, கோடு குடுன்னு கேக்கும். படிச்சு முடிச்சதும் நிரந்தரமா திறந்து விடணும்ங்கறது ஏற்பாடு. சர்வர் படுத்தா? திறந்து விடற ஆள் இல்லைன்னா? திருடனே இல்லாத வீட்டுல பெட்டி பூட்டிக்கிச்சு. 2018ல திட்டத்தையே நிறுத்தினாங்க (2022ல திரும்ப ஆரம்பிச்சாங்க), பூட்டின நெட்புக்கோட நிறைய பிள்ளைங்க நின்னாங்க. சொந்தப் பெட்டி, ஆனா சாவி எங்கயோ ஒரு ஆபீஸ் சர்வர்ல.

சரி, நம்ம நண்பர் கதை. மூணு தடவை தப்பா போட்டுப் பார்த்தோம். எண் எதுவும் காட்டலை, 'டிஸேபிள்டு'ன்னுட்டு உறைஞ்சு நின்னுடுச்சு. அணைச்சுப் போட்டா மறுபடி அதே சாம்பல் திரை.

அப்பதான் உறைச்சுது. பூட்டு இருக்கறது பூட் வரிசைக்குத்தான், ஹார்டு டிஸ்க்குக்கு இல்லை! (டிஸ்க்குக்குத் தனி பாஸ்வேர்டு போட்டிருந்தா கதையே வேற, அது டிஸ்க்குக்குள்ளயே இருக்கும்.) நெட்புக்கைத் திருப்பிப் போட்டு ரெண்டு ஸ்க்ரூ கழட்டி, டிஸ்க்கை எடுத்து என்னோட பழைய லேப்டாப்புல மாட்டி, 32 பிட் டெபியன் 12 போட்டு, திரும்ப நெட்புக்குல சொருகினோம். பயாஸ் வழக்கம்போல 'முதல்ல ஹார்டு டிஸ்க்'னு பிடிவாதமா போச்சு. அங்க டெபியன் உக்கார்ந்திருந்துச்சு.

பாஸ்வேர்டு இன்னும் அப்படியேதான் இருக்கு. பொண்ணு தமிழ்99ல தட்டறா. ஆனா ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி தப்பா வருது. அன்னைக்கு ராத்திரி கழட்டி வச்ச பட்டன் பேட்டரியை எங்க வச்சார்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கார்.