சுருல் பண்ணையில் ஓர் ஏர், ஓர் உளி

வியாசர்பாடியில் வாழ்கிற எங்களுக்கு ஜப்பான் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தேநீர்ச் சடங்கோ மலர் அலங்காரமோ அன்று, பர்மாதான். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் குடியமர்ந்த வடசென்னைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் தம் கதையை 1942இலிருந்தே தொடங்குவது வழக்கம். ஜப்பானியப் படை இரங்கூனுக்குள் நுழைந்ததும், மக்கள் மலைக்காடுகளின் வழியே கால்நடையாக இந்தியாவை நோக்கி நடந்ததும், வழியில் செத்துவிழுந்ததும் அக்கதையில் வரும். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானமொன்று சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு வீசிப் போனதையும் சேர்த்துச் சொல்வார்கள். இத்தகைய நினைவுகளோடு படிக்கையில், அதற்கு இருபதாண்டுகள் முன்பு வங்காளத்துப் பண்ணையொன்றில் ஜப்பானியத் தச்சர் ஒருவர் உளியோடு வந்து அமர்ந்த வரலாறு எங்களுக்கு மிகுந்த வியப்பளித்தது.

அந்தப் பண்ணை சாந்திநிகேதனுக்கு ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவிலுள்ள சுருல் கிராமத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த பழைய மாளிகையையும் நிலத்தையும் ரவீந்திரநாத் தாகூர் 1912இல் வாங்கினார். மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அவர் அனுப்பியிருந்தது சட்டம் படிக்க அன்று, உழவு படிக்க. ஆயினும் வேலை சூடுபிடித்தது லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் வந்த பிறகுதான். 1922 பிப்ரவரி 6 அன்று ஏறத்தாழப் பத்து மாணவர்களோடு அவர் சுருலில் குடியேறினார். பின்னாளில் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் பிறந்தநாள் அதுவே. அந்தக் கிராமங்களைப் பீடித்த நோய் எவையென்று கேட்டபோது குரங்கு, மலேரியா, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள அவநம்பிக்கை என்று மூன்றைச் சொன்னாராம் எல்ம்ஹர்ஸ்ட். மூன்றாவதற்குத்தான் மருந்து கிடைப்பது அரிது.

மாணவர்களுக்கு அங்கே வைக்கப்பட்ட முதற் சோதனை பாட்டுமன்று, ஏருமன்று. தங்கள் கழிவுக் கூடையைத் தாங்களே சுமந்துபோய் எருக்குழியில் இட வேண்டும் என்பதே. மேற்சாதி வீட்டுப் பிள்ளைகள் தயங்கினார்கள்; பிறகு செய்தார்கள். ஸ்ரீநிகேதனைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பாட்டையும் ஓவியத்தையும் புகழ்ந்துவிட்டு இந்தக் கூடையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களைக் கேட்டால், அங்கே பின்னர் நடந்த விழாக்களுக்கெல்லாம் அடித்தளம் இட்டது அந்தக் கூடைதான்.

காசாஹாரா இக்காலத்தவர். தச்சுவேலையும் தோட்டக்கலையும் அறிந்த அவர் ஸ்ரீநிகேதனில் மரவேலை கற்றுக்கொடுத்தார். தாகூர் ஏறி அமர்ந்திருக்க மரத்தின்மேல் ஒரு குடில் கட்டித் தந்தார். ஜப்பான் அதற்கு முன்பே வங்காளத்துக்கு வந்திருந்தது உண்மை. 1902இல் ஒகாகுரா வந்தார். மறு ஆண்டு ஓவியர்கள் தைகானும் ஷுன்சோவும் வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது கல்கத்தாவின் கூடத்துக்கு. வாளும் இழைப்புளியுமாக வயற்காட்டுக்கு வந்தவர் காசாஹாரா.

1928 ஜூலையில் தாகூர் ஹலகர்ஷண விழாவைத் தொடங்கினார். முந்தைய நாள் சாந்திநிகேதனில் மரம் நடு விழா. அடுத்த நாள் ஸ்ரீநிகேதனில் ஏர் விழா. தரையில் கோலமிட்டு, எருதுகளை அலங்கரித்து, வேத மந்திரமும் பாட்டும் முழங்க, அறுபத்தேழு வயதுக் கவிஞர் ஏர்பிடித்து உழுதார். அதை நந்தலால் போஸ் பிறகு ஸ்ரீநிகேதன் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். சித்திரை பிறந்ததும் நல்லேர் பூட்டும் நம் உழவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஏர் பூட்டுவதற்கு அவர்கள் எந்தக் கவிஞரையும் எதிர்பார்த்திருந்ததில்லை. சுருலைச் சுற்றிய சந்தால் மக்களும் யாரும் விழா எடுக்காமலே திறந்தவெளியில் ஆடிப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே புதிது என்னவெனில், படித்தவர்கள் கூடத்தை விட்டு வெளியே வந்ததுதான். கோயிலோ சபாவோ இன்றி, கட்டணமின்றி, வானத்தின் கீழே பாட்டு நிகழ்ந்தது. தெருவில் பந்தலடித்துக் கானா பாடும் ஊரில் வாழ்கிற எங்களுக்கு அந்த வெளியின் மதிப்பு தெரியும். ஆனால் உழவரின் கடனை விழா தீர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு ஜப்பானிலிருந்து தகாகாகி ஷின்ஸோ வந்து ஜூடோ கற்பித்தார்; பெண்களும் கற்றார்கள். அச்சத்தை உதறச் சொல்லி ஜூடோ நிகழ்ச்சிக்கென்றே தாகூர் ஒரு பாடல் எழுதினார். மற்போருக்குப் பாட்டெழுதிய நோபல் கவிஞர் வேறெவரும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை!

இவ்வளவு நெருக்கத்துக்கு நடுவே விரிசலும் வளர்ந்துகொண்டிருந்தது. 1916இல் தோக்கியோ சென்ற தாகூர், மேற்கின் தேசிய வெறியை நகலெடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். விழாக்கோலத்தில் வரவேற்றவர்கள், தோற்ற நாட்டுக் கவிஞனின் பேச்சு என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். 1935இல் இந்தியா வந்து சாந்திநிகேதனில் விருந்தினராகத் தங்கிய கவிஞர் யோனே நொகுச்சி, 1938இல் சீனாவின்மீதான போரை நியாயப்படுத்தி அவருக்குக் கடிதம் எழுதினார். ஆசியாவின் விடுதலை என்ற பெயரில் மண்டையோடுகளின்மேல் கோபுரம் கட்டுவதை ஏற்கவியலாது என்ற கருத்தில் தாகூர் பதிலெழுதினார். நட்பு முறிந்தது. நான்கே ஆண்டுகளில் அந்த விடுதலை பர்மாத் தமிழரின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. அதைக் காண 1941இல் மறைந்த தாகூர் இல்லை.

கவிஞர்கள் முறித்துக்கொண்டார்கள், தச்சர் கற்பித்தது நிலைத்தது. பிப்ரவரி 6ஐ ஒட்டிய மாக மேளாவில் ஸ்ரீநிகேதன் காய்கறியும் கைவினையும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பாவுல் பாடகர்கள் பாடுகிறார்கள். மழைக்காலத்தில் ஏர் விழாவும் தொடர்கிறது. 1994இல் விசுவபாரதியில் நிப்பன் பவனம் திறக்கப்பட்டது. காசாஹாராவின் பெயர் சாந்திநிகேதனில் ஓர் உணவகத்துக்குச் சூட்டப்பட்டது. தேநீர் குடிக்க உட்காரும் பலருக்கு அது ஒரு தச்சரின் பெயர் என்பது தெரியாது.