‘பொதுவாக’ என்ற ஒரு சொல்லும் சால்மன் மீனும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவு வாசியுங்கள்.

கடைக்குப் போய் “செமன் டின் ஒன்று தாங்க” என்று கேட்கிறோம். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கரல். உண்மையான சால்மன் நம் கடலில் இல்லை, குளிர் நாட்டு ஆறுகளுக்குரிய மீன் அது. பெயர் மட்டும் எப்படியோ நம் குசினிக்குள் வந்து ஒட்டிக்கொண்டது.

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, “சேர், ஆற்று மீன் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டான். அவனுடைய வாப்பா களப்பில் வலை போடுகிறவர். நான் அரசாங்கம், அனுமதிப்பத்திரம் என்று ஏதோ சொல்லிவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வாசித்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. அதைத் திரும்பத் தேடிப் படித்தேன். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வொஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. (தலைநகர் வொஷிங்டன் வேறு. அது கிழக்குக் கரையில் இருக்கிறது.)

முதலில் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. சால்மன் ஆற்றின் மேற்பகுதியில், ஓடும் நன்னீரில், கூழாங்கற்களுக்கு நடுவே பொரிக்கிறது. குஞ்சு வளர்ந்து கடலுக்கு இறங்கும். சில வருடங்கள் பசிபிக் கடலில் அலைந்து பெருத்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பி ஏறும். வழியைக் கண்டுபிடிக்க அந்த ஆற்றுத் தண்ணீரின் மணம் அதற்கு உதவுகிறது. பசிபிக் சால்மன் வகைகள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஆகவே ஒரு மீன் கரையோரக் கடல், முகத்துவாரம், ஆறு என்று எல்லா இடத்தையும் கடந்து போக வேண்டும். எந்த இடத்தில் நின்றும் மனிதன் அதைப் பிடிக்கலாம். கடலில் நிற்பவன் முந்திக்கொண்டால் ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லாரும் பிடித்தால் முட்டையிட மீனே இராது. இந்தத் தகராறு முழுவதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளுக்கு இந்த மீன்தான் சோறு. மாரிக்குப் புகைபோட்டுக் காயவைப்பதும், பண்டமாற்றுச் செய்வதும் இதைத்தான். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெடிசின் கிறீக் என்ற ஓடைக்கரையில் ஆளுநர் ஐசாக் ஸ்டீவன்ஸ் அவர்களைக் கூட்டினார். நிஸ்குவாலி, புயாலப் முதலிய இனத்தவர்கள் வந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை அவர்களுடைய தாய்மொழியிலும் நடக்கவில்லை, ஆங்கிலத்திலும் நடக்கவில்லை. சில நூறு சொற்களே உள்ள ‘சினூக் ஜார்கன்’ என்ற சந்தைக் கலப்பு மொழியில் நடந்தது. கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்பட்ட மொழியில் இலட்சக்கணக்கான ஏக்கர் காணியை எழுதி வாங்கினார்கள். சுமார் 22 இலட்சம் ஏக்கர். பதிலுக்குக் கொடுத்தது 20 வருடங்களில் பகுதி பகுதியாக 32,500 டொலர், அதோடு ஒவ்வொன்றும் 1,280 ஏக்கர் கொண்ட மூன்று சிறு ஒதுக்கிடங்கள்.

தலைவர்கள் காணியை விட்டுக் கொடுத்தார்கள், மீனை விட்டுக் கொடுக்கவில்லை. ஆகவே உடன்படிக்கையில் ஒரு வாசகம் சேர்ந்தது. வழமையாகப் பிடித்து வந்த எல்லா இடங்களிலும் மீன் பிடிக்கும் உரிமை, அந்தப் பிரதேசத்தின் எல்லாக் குடிமக்களோடும் பொதுவாக, அவர்களுக்கு உறுதி செய்யப்படுகிறது என்பது அதன் கருத்து. அந்த ‘பொதுவாக’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஸ்குவாலி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் ஆற்றை விட்டுத் தள்ளி மேட்டில் இருந்தது. மீன்பிடிச் சனத்தை ஆறில்லாத இடத்தில் குடியேற்றினால் என்ன நடக்கும்? சண்டை மூண்டது. பிறகு ஒதுக்கிடத்தைப் பெருப்பித்து ஆற்றோரமாக்கினார்கள், ஆனால் அவர்களின் தலைவர் லெஸ்கை மீது கொலைக்குற்றம் சுமத்தி 1858இல் தூக்கிலிட்டார்கள். 2004இல் ஒரு விசேட வரலாற்று நீதிமன்றம் கூடி, அது போர்க்காலச் செயல், அவரைக் கொலைக்குற்றத்துக்கு விசாரித்திருக்கவே கூடாது என்று தீர்த்தது. 146 வருடம் கழித்து.

பிறகு ரயில் வந்தது, டின் தொழிற்சாலைகள் வந்தன. கொலம்பியா ஆற்றில் முதலாவது சால்மன் டின் தொழிற்சாலை 1866இல் தொடங்கியது. ஆற்றோட்டத்தின் வேகத்திலேயே சுழன்று மீனை அள்ளிக் கொட்டும் இராட்சதச் சக்கரங்களை நட்டார்கள். வைனன்ஸ் என்ற சகோதரர்கள் மாநில அனுமதியோடு அப்படிச் சக்கரம் வைத்துக்கொண்டு, கரைக் காணி தங்களுடையது என்று யக்கிமா இனத்தவரை உள்ளே விடவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1905இல் தீர்ப்பு யக்கிமா மக்களுக்குச் சாதகமாக வந்தது. உடன்படிக்கை என்பது பூர்வகுடிகளுக்கு அரசு கொடுத்த சலுகை அல்ல. அவர்கள்தான் அரசுக்குக் கொடுத்தார்கள், கொடுக்காததைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. இந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். உரிமையைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சையே தலைகீழாக்கும் தர்க்கம் இது.

தீர்ப்பு வந்ததால் ஆற்றங்கரையில் ஒன்றும் மாறிவிடவில்லை. 1917இல் இராணுவ முகாமுக்காக நிஸ்குவாலி ஒதுக்கிடத்தில் 3,300 ஏக்கருக்கு மேல் சுவீகரித்தார்கள். காணி இழந்தவர்களில் ஒருவரான வில்லி ஃபிராங்க், கிடைத்த பணத்தில் ஆற்றோரமாகச் சுமார் ஆறு ஏக்கர் வாங்கிக் குடியேறினார். அந்த இடத்துக்கு ‘ஃபிராங்க்ஸ் லேண்டிங்’ என்று பெயர். அவருடைய மகன்தான் பில்லி ஃபிராங்க் ஜூனியர். 1945இல் ஒரு குளிர்கால இரவு, தன் ஆற்றில் வலை போட்டதற்காக முதல்முறை பிடிபட்டபோது பில்லிக்கு வயது 14. நம்ம தரம் 9 பிள்ளையின் வயது. அதற்குப் பிறகு 50 தடவைக்கு மேல் கைதானார்.

மாநில அரசு சொன்ன காரணம் மீன்வளப் பாதுகாப்பு. சால்மன் குறைந்து வருகிறது, ஆகவே ஆற்றில் வலை தடை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மீன் குறைந்ததும் உண்மை. ஆனால் அதே மாநிலம் கடலிலும் பியூஜெட் சவுண்ட் உள்கடலிலும் ஓடிய வர்த்தகப் படகுகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே இருந்தது. மீனில் பெரும்பங்கு ஆற்றுக்குள் வருமுன்னே போய்விடும். பூர்வகுடிகள் பிடித்தது மொத்தத்தில் 5 வீதத்துக்கும் குறைவு. மிச்சம் பிடித்த 95 வீதத்தை விட்டுவிட்டு, வரிசையில் கடைசியாக நின்றவனைக் கள்ளன் ஆக்கினார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை போய்விடும்.

1960களில் அவர்கள் வேண்டுமென்றே, எல்லாரும் பார்க்க, தடையை மீறி வலை போடத் தொடங்கினார்கள். 1964 மார்ச்சில் நடிகர் மார்லன் பிராண்டோ வந்து படகில் ஏறிக் கைதாகி, பிறகு விடுவிக்கப்பட்டார். செய்தியாளர்கள் அவருக்காக வந்தார்கள், ஆற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 1970 செப்டெம்பர் 9ஆம் திகதி புயாலப் ஆற்றங்கரை முகாமுக்குள் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்துப் புகுந்து சுமார் 60 பேரைப் பிடித்தது. சமஷ்டி அரசின் சட்டத்தரணியான ஸ்டான் பிட்கின் அன்று அங்கே நின்று அதைக் கண்ணால் கண்டார். சில நாட்களில் பூர்வகுடிகளின் சார்பாக ஐக்கிய அமெரிக்காவே வொஷிங்டன் மாநிலத்துக்கு எதிராக வழக்குப் போட்டது.

வழக்கு ஜோர்ஜ் போல்ட் என்ற நீதிபதியிடம் போனது. ஐசன்ஹோவர் நியமித்த பழமைவாதி, ஓய்வு நேரத்தில் தூண்டில் போடுகிறவர். பூர்வகுடிகளுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்திருக்காது. அவர் முன்னால் இருந்த கேள்வி அந்த ஒரு சொல்தான். ‘எல்லாக் குடிமக்களோடும் பொதுவாக’ என்றால், மற்றவனுக்குள்ள அதே அனுமதிப்பத்திரம், அதே தடை உங்களுக்கும் என்றது மாநிலம். அப்படியென்றால் உடன்படிக்கை எதற்கு, காணியைக் கொடுத்து வாங்கியது என்ன என்று கேட்டார்கள் மறுபக்கத்தார். போல்ட் முதியவர்களின் சாட்சியத்தைக் கேட்டார், மானிடவியலாளர்களைக் கேட்டார், அந்தச் சொல்லின் அகராதிப் பொருளையும் பார்த்தார்.

1974 பெப்ரவரி 12ஆம் திகதி தீர்ப்பு. ‘பொதுவாக’ என்றால் சமமாகப் பங்கிடுவது. முட்டையிட மேலே போக வேண்டிய மீன் எவ்வளவு என்று முதலில் கணக்கெடுத்து அதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பிடிக்கக்கூடியதாக மிஞ்சுவதில், அந்த வழமையான இடங்களைக் கடந்து போகும் மீனில், பாதி வரை உடன்படிக்கை இனத்தவருக்கு. மூன்று வருடம் தயாராகியும், எந்த இனத்தவராவது தன் உடன்படிக்கை உரிமையைப் பயன்படுத்தி மீனினத்தின் இருப்புக்குக் கேடு செய்ததாக நம்பத்தக்க ஒரு சான்றையும் மாநிலத்தால் காட்ட முடியவில்லை என்றும் அவர் எழுதினார். மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு பெரிய கலவரம். நீதிபதியின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். சால்மனை அல்ல, போல்டை டின்னில் அடையுங்கள் என்ற கருத்தில் வாகனங்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாநிலச் சட்டமா அதிபர் மேன்முறையீட்டுக்குப் போனார். மாநில நீதிமன்றங்கள் தீர்ப்பை நடைமுறைப்படுத்த விடவில்லை. இரவில் சட்டவிரோதமாகப் படகுகள் போயின. கடைசியில் மீன்பிடியையே அந்த நீதிபதி தன் மேற்பார்வையில் எடுக்க வேண்டி வந்தது. எதிர்த்த மீனவர்கள் எல்லாரையும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநிலம் கொடுத்த அனுமதியை நம்பி, கடன்பட்டுப் படகு வாங்கியவர்கள் அவர்கள். கொடுக்கக்கூடாத அளவுக்கு அனுமதியைக் கொடுத்தது மாநிலம். அடி விழுந்தது இவர்களுக்கு. 1979 ஜூலை 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் போல்டின் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது.

ஆனால் மீன் இல்லாத ஆற்றில் பாதிப் பங்கு என்றால் என்ன? பூச்சியத்தில் பாதியும் பூச்சியம்தானே. அடுத்த சண்டை அதைப் பற்றியது. சால்மனைக் கொன்றது வலை மட்டுமல்ல. அணைக்கட்டு, மரம் வெட்டிய மலைச்சரிவு, வீதி எல்லாம் சேர்ந்துதான் கொன்றன. சட்டம் இல்லாமல் போனதால் நடந்ததும் அல்ல. மீன் ஏறும் ஆற்றில் அணை கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று வொஷிங்டனில் 1890இலேயே சட்டம் இருந்தது. எல்வா ஆற்றில் 1913இல் முடித்த அணையில் மீனுக்கு வழியே இல்லை. பதிலாக ஒரு குஞ்சு பொரிப்பகம் போதும் என்று அதிகாரி விட்டுக் கொடுத்தார். அந்தப் பொரிப்பகத்தையும் 1922இல் கைவிட்டார்கள். அணை மட்டும் நூறு வருடம் நின்றது. 2011 முதல் 2014 வரை அதையும் மேலேயிருந்த இன்னொரு அணையையும் உடைத்து அகற்றினார்கள். சால்மன் மறுபடி மேலே ஏறத் தொடங்கியது.

மீன் எல்லை தாண்டிக் கனடா, அலாஸ்கா கடலுக்கும் போகும். அங்கே பிடித்துவிட்டால் இங்கே எண்ணிப் பயனில்லை. ஆகவே 1985இல் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் பசிபிக் சால்மன் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த ஆணைக்குழுவில் பூர்வகுடிகளுக்கும் ஆசனம் உண்டு. 1999இல் பியூஜெட் சவுண்ட் சினூக் சால்மன் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

2001இல் இனத்தவர்கள் இன்னொரு மனுவைப் போட்டார்கள். இம்முறை மதகுகள் பற்றி. மாநிலத்தின் நெடுஞ்சாலைகளுக்குக் கீழே ஓடைத் தண்ணீர் போக வைத்த குழாய்கள்தான். குழாயின் வாய் ஓடைத் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்றால் மீன் ஏறாது. குழாய் ஒடுக்கமாகித் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தாலும் ஏறாது. இப்படி பல நூறு மதகுகள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மாநிலத்தின் நிலைப்பாடு என்ன தெரியுமா? பியூஜெட் சவுண்டில் விழும் சால்மன் ஓடைகள் அத்தனையையும் மாநிலம் அடைத்துவிட்டாலும் உடன்படிக்கை அதைத் தடுக்காது என்பதுதான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீன் பிடிக்கும் உரிமையைக் கொடுத்தால் பிடிக்க மீன் இருக்க வேண்டும் என்ற வாக்குறுதியும் அதற்குள் இருக்கிறது என்றது. 2018 ஜூன் 11ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் எட்டு நீதிபதிகள் 4க்கு 4 என்று பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. அடைபட்ட வாழிடத்தில் பெரும்பகுதியை 2030க்குள் திறக்க வேண்டும் என்பது கட்டளை. செலவு பில்லியன் கணக்கில். வேலை இன்னும் நடக்கிறது.

பில்லி ஃபிராங்க் 2014 மே மாதம் காலமானார். தீர்ப்புக்குப் பின் அமைந்த வடமேற்குப் பூர்வகுடிகள் மீன்வள ஆணைக்குழுவுக்கு 30 வருடங்களுக்கு மேல் அவர்தான் தலைவர். முன்பு தன்னைப் பிடித்து அடைத்த மாநிலத்தின் அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து, ஒவ்வொரு ஆற்றுக்கும் எத்தனை மீனை மேலே விடுவது என்று கணக்குப் பார்த்தார். 2015இல் அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார்கள். நிஸ்குவாலி முகத்துவாரத்திலுள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பி இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். அவனுடைய வாப்பா இதை வாசித்தால், களப்பு முகத்துவாரத்தில் முன்பு எந்த மாதம் என்ன மீன் ஏறி வந்தது, இப்போது எது வருவதில்லை என்று கீழே எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் தேவைப்படுகிறது.