பெட்டிக்குள் பெட்டி

ஜிப் ஃபைலுக்குள்ள இன்னொரு ஜிப் ஃபைலை வச்சு அனுப்புற ஆளுங்களைப் பார்த்திருப்பீங்க. பழைய சீனாவில் சவப்பெட்டியையே அப்படித்தான் செஞ்சாங்க :-)

உடலை வைக்கிற உள்பெட்டி 'குவான்'. அதைச் சுத்தி வர்ற வெளிப்பெட்டி 'குவோ'. எத்தனை அடுக்கு என்பது செத்தவரோட அந்தஸ்தைப் பொறுத்தது. பேரரசருக்கு ஏழு, சிற்றரசருக்கு ஐந்து, உயர் அதிகாரிக்கு மூன்று என்று 'ஜுவாங்சி' நூல் கணக்கு சொல்கிறது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வச்சது கன்ஃபூசியஸ் கதை. அவரோட செல்ல மாணவன் யான் ஹுய். பரம ஏழை. சின்ன வயசிலேயே செத்துப் போனான். கன்ஃபூசியஸ் அழுத அழுகையைப் பார்த்து மத்த சீடர்களே பயந்துட்டாங்க. பையனோட அப்பா வந்து, "உங்க வண்டியைக் கொடுங்க, அதை வித்து வெளிப்பெட்டி வாங்கிக்கிறேன்" என்று கேட்டார். கன்ஃபூசியஸ் மறுத்துட்டார்! என் சொந்த மகன் செத்தப்பவும் உள்பெட்டி மட்டும்தான், வெளிப்பெட்டிக்காக வண்டியை விட்டுட்டு நடந்து போகலை. என் பதவிக்கு நடந்து போறது முறையில்லை என்றார்.

படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் அந்த மகன் விஷயம் உறைச்சது. கடைசியில் சீடர்கள் அவர் பேச்சை மீறி யான் ஹுய்யை ஆடம்பரமாவே புதைச்சாங்க. அவனை மகன் மாதிரி நடத்த முடியாமப் போச்சே என்று மனுஷன் புலம்பினாராம்.

சரி, பல அடுக்கு போட்டவங்க கதை என்னாச்சு? 1972இல் சாங்ஷா நகர் பக்கம் மாவாங்துய் மேட்டில் ஷின் ஜுய் என்ற பிரபு மனைவியின் கல்லறையைத் தோண்டினாங்க. நாலு பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று. இருபது அடுக்குத் துணி. உள்ளே 2,100 வருஷத்துக்கும் மேல ஆன உடல், தோல் மெத்துனு, மூட்டு மடங்குற நிலையில்! கடைசியா சாப்பிட்ட பழத்தோட விதைகள்கூட வயித்தில் அப்படியே இருந்தது. பெட்டியைச் சுத்தி டன் கணக்கில் கரி, அதுக்கு மேல வெள்ளைக் களிமண். காத்தும் தண்ணியும் போகலை.

அதே மேட்டில் மகன் கல்லறையில் மிஞ்சியது எலும்பு மட்டும். அந்தஸ்துக்கே காரணமான புருஷன் லீ சாங் கல்லறையில் களிமண் பூச்சு சரியில்லை, திருடனும் புகுந்துட்டான். உடல் இல்லை. அவர் யாருன்னு காட்ட முத்திரைகள் கிடைச்சுது, அவ்ளோதான்.