நாணம் தடுத்த செவிக்குழல்

இங்கிலாந்தின் நார்விச் நகரில் 1802-இல் பிறந்தவர் எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ. பன்னிரண்டு வயதளவில் அவருடைய செவிப்புலன் மங்கத் தொடங்கி, இருபதை எட்டுமுன் பெரிதும் குன்றியது. அவர் கவனித்துக் கேளாததே காரணம் என்று வீட்டார் கடிந்துகொண்டனர். ஒலியைத் திரட்டிச் செவிக்குள் செலுத்தும் குழல் அந்நாளிலேயே வழக்கில் இருந்தது. ஆயினும் நாணம் தடுக்க, அவர் அதைப் பல்லாண்டுகள் கையில் எடுக்கவில்லை.

1834-இல், தம்மைப் போன்ற செவிப்புலன் குன்றியோருக்கு அவர் எழுதிய மடல் ஒரு மாத இதழில் வெளிவந்தது. குறையை மறைக்கத் தூண்டும் பொய்நாணத்தைக் களையுமாறும், உடன் பேசுவோரின் சிரமத்தைக் குறைக்கவேனும் குழலை ஏற்குமாறும் அதில் அறிவுறுத்தினார். அவ்வாண்டே குழலும் கையுமாக அமெரிக்கா சென்றார். ஈராண்டுகள் பலதரப்பட்டோருடன் உரையாடித் திரும்பி, அச்சமுதாயத்தை ஆராய்ந்து 1837-இல் நூல் வெளியிட்டார்.

உதவியை நாடுவது பிறர்க்குச் சுமையாவதன்று, பிறர் சுமையைக் குறைப்பதே என்பதை அவர் வாழ்வில் காண்கிறோம். எனினும், கடிந்துரைக்கு அஞ்சும் வளரிளம் பிள்ளை அத்துணிவைத் தனியே பெறுவது அரிது. "காது கேட்கவில்லையா?" என்று நாம் சினந்து கேட்கும் வினாவையே சற்றுப் பரிவோடு கேட்டால், மருத்துவரை நாடும் வழி நம் இல்லத்திலேயே திறக்குமன்றோ!