பஞ்சமம் இல்லாத பாலை



யுகுலேலே என்பது நான்கு நரம்புகளை உடைய சிறியதோர் இசைக்கருவி. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மதெய்ராத் தீவிலிருந்து ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்று சேர்ந்த போர்த்துக்கீசியர், தம்முடன் ஒரு சிறு நரம்புக்கருவியைக் கொண்டு சென்றனர். அதன் வழித்தோன்றலே யுகுலேலே. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங்கண்காட்சி அதனை உலகறியச் செய்தது.

இக்கருவி பயிலும் மாணவர் முன் ஒரு கேள்வி எழும். மேலைநாட்டாரின் ‘மேஜர்’ அடுக்கு நம் சங்கராபரணமே. அதன் பஞ்சமத்தை மட்டும் அரைச்சுரம் உயர்த்தினால் வரும் அடுக்கிற்கு நம் இசையில் இடம் உண்டா? இக்கேள்வியே நம்மை வரலாற்றுக்குள் அழைத்துச் செல்கிறது.

நான் இசைப்புலவன் அல்லன். கரும்பலகையில் கட்டம் வரைந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். நீங்களும் பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய கட்டங்களில் நிற்கும். எட்டில் நிற்கும் பஞ்சமம் ஒன்பதுக்கு நகர்ந்தால், அது சுத்த தைவதத்தின் இடமாகிவிடுகிறது. ஆகவே புதிய அடுக்கில் தைவதம் இரண்டு, பஞ்சமம் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்னும் நூலில் எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தார். மத்தியமம் 2 வகை. ரிஷப காந்தாரச் சேர்க்கை 6. தைவத நிஷாதச் சேர்க்கை 6. இவற்றைப் பெருக்க 72 வரும். எழுபத்திரண்டிலும் சட்ஜமமும் பஞ்சமமும் அசையாதவை. ஆதலின் நம் அடுக்கு அவ்வரிசையில் நுழைய வழியில்லை.

ஆயினும் அது நமக்கு முற்றிலும் அயலானதன்று. கீரவாணியின் ஒவ்வொரு சுரத்தையும் ஆதாரமாக வைத்துப் பாருங்கள். மத்தியமத்திலிருந்து ஹேமவதியும், பஞ்சமத்திலிருந்து வகுளாபரணமும், தைவதத்திலிருந்து கோசலமும் பிறக்கும். காந்தாரத்திலிருந்து பிறப்பது நாம் தேடும் அடுக்கேயாம். பஞ்சமம் இன்மையால் மேள வரிசை அதனை விலக்கிவிட்டது.

இனி அதற்கு முற்பட்ட காலத்தைக் காண்போம். நான் வாழும் உளுந்தூர்பேட்டையின் வட்டத்திலேயே சுந்தரர் பிறந்த திருநாவலூர் இருக்கிறது. அவர் பாடல்கள் இன்றும் பண் வகுத்தே ஓதப்படுகின்றன. அப்பண்களுக்கும் முந்திய முறையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளையும் முறையே ஆதாரமாக்கி ஏழு பாலைகள் பெற்றனர். இதுவே பண்ணுப்பெயர்த்தல். இதனை ஆராய்ந்து ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தையும், விபுலாநந்த அடிகள் 1947-இல் ‘யாழ்நூ’லையும் வெளியிட்டனர்.

செம்பாலை அரிகாம்போதி என்பது அறிஞர் பலர் முடிவு. அம்முடிவின்படி கைக்கிளையை ஆதாரமாக்கினால் செவ்வழிப்பாலை வரும். எண்ணிப் பாருங்கள்: அதிலும் மத்தியமம் இரண்டு, பஞ்சமம் இல்லை! ஆயினும் முன்னோர் அதனை ஏழனுள் ஒன்றாகவே வைத்துப் போற்றினர்.

இம்மாறுதலுக்குக் காரணம் கருவியே என்பது என் கருத்து. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். எந்நரம்பையும் ஆதாரமாகக் கொள்ளலாம். தம்புராவும் வீணையின் சுருதித் தந்திகளும் சட்ஜம பஞ்சமங்களை இடைவிடாது ஒலிக்கத் தொடங்கியபின், அவ்விரண்டும் நிலைத்துவிட்டன.

சுரக்கூட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் அடுக்கின் முதற்கூட்டு 1, 5, 9 என்னும் கட்டங்களில் அமையும். இடைவெளி ஒவ்வொன்றும் நான்கு. எனவே மூன்றில் எதனை முதலாகக் கொண்டாலும் கூட்டு அதுவே. பன்னிரண்டு சுரங்களில் இத்தகைய கூட்டுகள் நான்கே உள. யுகுலேலேயின் நரம்புகள் ப, ச, க, த எனச் சுருதி கூட்டப்பெறும். பஞ்சம நரம்பை முதல் மெட்டிலும், தைவத நரம்பை மூன்றாம் மெட்டிலும் அழுத்தி நான்கையும் மீட்டுங்கள், அக்கூட்டு ஒலிக்கும். அது முடிவு பெறாத வினாவைப்போல் செவியில் நிற்கும்.

இதனைக் கேட்டு, ‘மேலைநாட்டுக் கூட்டிசை முழுதும் நம் முன்னோர் அறிந்ததே’ என்று பெருமை பேசுதல் வரலாறாகாது. இணை, கிளை, பகை, நட்பு என்று சுரங்களின் உறவை அவர்கள் வகுத்தனர். மூன்று சுரங்களை ஒருங்கே ஒலித்து அக்கூட்டுகளைத் தொடர்ந்து நடத்தும் இசையை அவர்கள் அமைத்ததாகச் சான்று இல்லை. ‘மேளத்தில் இல்லை, ஆகவே நம் இசையில் இல்லை’ என்று கைவிடுதலும் அத்தகையதே. ஓர் அட்டவணை தன் காலத்துக் கருவிக்கும் வழக்கத்திற்கும் ஏற்ப அமைவது. அதற்கு வெளியிலும் இசை உண்டு. அட்டவணையைக் கற்றுக்கொள்ளுங்கள், அது எதனை விலக்கியது, ஏன் விலக்கியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அக்கேள்வியே உங்களை வரலாற்று மாணவராக்கும்.